மறையூரில் சாப்பிட்ட சோறு

மார்ச் 3, திங்கள்
எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசினால் போனே எழுதிக்கொள்ளும்படி, வரிக்கணக்கு பார்க்கும் மலையாளத்துப் பெண் ஜின்சி இன்று செய்து கொடுத்தாள். சொந்த வண்டி ஓட்டுகிறவன் வெளியூரில் தங்கிச் சாப்பிட்டால் அதைச் செலவில் காட்டிப் பார்க்கலாமாம். தேதி, ஊர், சாப்பிட்டது, பில். "பில் இல்லாததையும் சொல்லி வையுங்க அப்பச்சா, நினைவிருந்தால்" என்றாள். எனக்கா நினைவிருக்காது? போன ஆடியில் சின்னாறில் யானை வழிமறித்த அன்று மூன்று புரோட்டா, ஒரு ஆம்லெட். தொண்ணூறு ரூபாய்.

மார்ச் 4, செவ்வாய். மறையூர்
மீனாட்சிபுரத்திலிருந்து கொண்டுவந்த மாட்டுத்தீவனத்தை இறக்கியாயிற்று. வெல்லம் நாளைக்குத்தான் ஏற்றுவார்கள். மதியம் மாரீஸ்வரி கடையில் சாப்பாடு, மீன் வறுவல், நூற்று முப்பது. ராத்திரிக்குப் புரோட்டா, சால்னா, எண்பது. பில் கேட்டேன்.

"என்னண்ணே, பதினோரு வருசமா வாறீக, இன்னைக்குத்தான் பில்லு கேக்கீக. மதினி கணக்கு கேக்காகளா?" என்றாள் மாரீஸ்வரி.

சிரித்து வைத்தேன். நாச்சம்மாள் கேட்டால் என்ன சொல்வேன்?

மார்ச் 5, புதன்
வண்டியில் வேறு யாரும் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்குப் பிரஷர் என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நாச்சம்மாள் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினாள். அவளும் அதையேதான் தின்கிறாள். "உங்களுக்கில்லாத உப்பு எனக்கெதுக்குங்க" என்றாள் அன்றைக்கு. லோடு போகும் நாளெல்லாம் விடியுமுன் எழுந்து தக்காளிச்சோறு கிண்டித் தூக்குப்போசியில் போட்டுத் தருவாள். அதை நான் தின்பதில்லை. வெல்லக் கிடங்கில் மூட்டை தூக்கும் டிஜோ ஊறுகாய் தொட்டுத் தின்றுவிட்டுப் போசியைக் கழுவித் தருவான். "அம்மச்சி இன்னைக்கும் உப்பு மறந்தாச்சே" என்பான் ஒவ்வொரு தடவையும். காலிப் போசியைப் பார்த்தால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

ஊட்டுக்குப் போனால் அவளோடு உட்கார்ந்து அதே சப்புச்சோறுதான். வெளியேதான் இந்தத் திருட்டு.

பில் இரண்டையும் வண்டி சீட்டுக்கடியில் செருகிவிட்டேன். இதையெல்லாம் அழிக்கணும். எப்படி அழிக்கிறது? அழி. அழி என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுமோ என்னமோ.

மார்ச் 11, செவ்வாய். மறையூர்
மதியம் போசியைத் திறந்து ஒரு வாய் வைத்தேன். இறங்கவில்லை. டிஜோவிடமே கொடுத்துவிட்டு, மாரீஸ்வரி கடை, நூறு ரூபாய்.

மார்ச் 13, வியாழன்
ஜின்சி போன் செய்தாள். பில்லும் போனும் மாசக் கடைசிக்குள் வேண்டுமாம். கொடுத்தால் வரி குறையும், பின் டயர் இரண்டையும் மாற்றலாம். ஆனால் அவள் அடிக்கிற பேப்பர் ஊட்டுக்கு வரும். மருமகள் செல்வப்பிரியாதான் எல்லாப் பேப்பரையும் வாசித்துச் சொல்கிறவள், அதுவும் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கொடுக்காமலே இருந்துவிட்டால்?

மார்ச் 18, செவ்வாய்
உடுமலை தாண்டும்போது செல்வப்பிரியா கூப்பிட்டாள். "மாமா, அத்தை விழுந்துட்டாங்க. பேச்சுக் கொளறுது." லோடோடு வண்டியைத் திருப்பினேன். பக்கத்து சீட்டில் அவள் கட்டிக் கொடுத்த போசி. இன்னும் சூடாக இருந்தது.

மார்ச் 19, புதன். பொள்ளாச்சி ஆஸ்பத்திரி
ரத்தத்தில் உப்பு குறைந்துபோயிற்றாம். அவளும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள், அதோடு உப்பே இல்லாத சாப்பாடு. யார் உங்களை அடியோடு நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைக் கை காட்டினாள்.

"அவரே திங்காதப்ப நா மட்டும் எப்பிடிங்க திங்கறது?"

வெளியே வந்துவிட்டேன். அடே ஆறுச்சாமி, நீ பண்ணுனது என்னடா? மூணு வருசம்டா. மீன் வறுவல் கேட்டுதா உனக்கு?

மார்ச் 21, வெள்ளி
கட்டில் மேல் பில் மூன்றையும் வைத்தேன். அவளுக்கும் படிக்கத் தெரியாது. என்ன சீட்டுங்க என்றாள். சொன்னேன். மூன்று வருஷமாகவா என்றாள். ஆமாம் என்றேன். சொல்லுங்க என்றாள்.

முதல் நாளிலிருந்து சொன்னேன். ஒன்று விடவில்லை. எந்த வாரம் மத்தி, எந்த வாரம் முட்டை, மழைக்கு ரோடு அடைத்த இரண்டு நாளும் கஞ்சி. குளுக்கோஸ் பாட்டில் ஒன்று தீர்ந்து நர்ஸ் வந்து மாற்றிப் போனாள். நான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்டு முடித்துச் சொன்னாள்.

"அந்த டிஜோதானுங்க பாவம். மூணு வருசமா உப்பில்லாமத் தின்னிருக்குது."

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்
ஊட்டுக்கு வந்தாயிற்று. இன்னும் என்னோடு பேசவில்லை. போனையும் பில்லையும் ஜின்சியிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சாப்பாட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் அப்பச்சா என்று போனைத் திருப்பித் தந்தாள்.

மார்ச் 31, திங்கள்
குழம்பில் உப்பு இருந்தது. எனக்கு ஊற்றியது அரைக் கரண்டி.

ஏப்ரல் 15, செவ்வாய். மறையூர்
விடியக்காலை போசியோடு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கிடங்கில் இறங்கி டிஜோவைத் தேடிப் போசியை அவளே கையில் கொடுத்தாள். அவன் ஒரு வாய் தின்றுவிட்டு அவளையே பார்த்தான். ஊறுகாயை எடுக்கவில்லை.

பிறகு மாரீஸ்வரி கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். என் இலையிலிருந்த அப்பளத்தையும் ஊறுகாயையும் எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பாடு இரண்டு, இருநூறு. பில் இருக்கிறது. ஜின்சி, இதில் ஒன்றை மட்டும் எழுது.