பிஸ்டன் மேல் போட்ட பழி

2025 ஜனவரி 5, ஞாயிறு

காலையில் இருபது நிமிடம் ஓடியது. பதினான்கு மாதம் பாடுபட்டுச் செய்த குட்டி எஞ்சின், இரண்டு கைக்குள் அடங்கிவிடும், நீராவியில் தானாக ஓடியது! நவாஸ் பாய் விசிலடித்தே விட்டார். பாம்பனில் படகு எஞ்சின்களுக்கு லேத்தில் இரும்பு கடைந்து கொடுக்கிறவர். பிஸ்டனைக் கடைந்தது அவர். பாய்லரும் மற்றதும் நான். போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் பாய்லருக்கென்றே மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன்.

மாலையில் மச்சினன் காளிதாஸ் வந்தான். அவனுக்குக் காட்ட மறுபடி பற்றவைத்தேன். எட்டாவது நிமிடம் கிறீச்சென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. காளிதாஸ் சிரித்தான். எனக்கு மானமே போன மாதிரி இருந்தது.

"பிஸ்டன் டைட்டு, பாய். இன்னும் ஒரு மயிரிழை கடைஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

பாய் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். "இருக்கும் மாப்ள. கண்ணு முந்தி மாதிரி இல்ல."

என் மனைவி மாலதி மீன்குழம்பு வைத்திருந்தாள். பாய் சாப்பிடாமல் போய்விட்டார்.

ஜனவரி 6

மாலதி கேட்கிறாள்: "என்ன, ஒங்க பிள்ளை இன்னிக்கு எந்திரிக்கலையா?" அவளுக்கு எஞ்சின்தான் என் பிள்ளை.

ஜனவரி 11, சனி

எஞ்சினைப் பிரித்தேன். சிலிண்டருக்குள் நகத்தால் கீறியது போலக் கோடுகள். எண்ணெய் போகாமல் ஓடினால்தான் இப்படி விழும். எப்படிப் போகாமல் இருக்கும்? அன்றைக்கு மூடியைத் திறந்து பார்த்தேனே, எண்ணெய்க் குப்பி நிறைய இருந்ததே?

குப்பியைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் கவிழ்த்தேன். முழுக்கத் தண்ணீர். மேலே ஏடு மாதிரி கொஞ்சம் எண்ணெய்.

நீராவி குப்பிக்குள் போய், குளிர்ந்து, தண்ணீராகி அடியில் தங்கும். அது எண்ணெயை மேலே தள்ளிச் சிலிண்டருக்கு அனுப்பும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக எண்ணெய் ஊற்ற வேண்டும். பாய்க்கு இதைப் பாடம் எடுத்ததே நான்தான், வாய் கிழிய. காலை ஓட்டத்துக்குப் பிறகு வடித்தேனா? வடிக்கவில்லை. மேலே மினுங்கியதைப் பார்த்து, நிறைய இருக்கிறது என்று மூடிவிட்டேன்.

பிஸ்டனில் ஒரு குறையும் இல்லை. நாளைக்கு போன் செய்து சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 12

செய்யவில்லை.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு பாயிடமிருந்து போன் வரவில்லை. வருஷா வருஷம் முதல் ஆளாகக் கூப்பிடுவார். நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் சொல்ல வேண்டியிருக்கும். மிளகாய்க்கு மருந்தடிக்கிற வேலை இருந்தது — இதெல்லாம் ஒரு சாக்கா?

ஜனவரி 28, செவ்வாய்

பாயின் மனைவி மெஹருன்னிசா போன் செய்தார். "உக்கிரபாண்டி அண்ணே, ஒங்ககிட்ட ஏதும் சொன்னாகளா? படகு ஷாப்டு கடையிற வேலை வந்தா திருப்பி அனுப்பிர்றாக. எடுத்த வேலையவும் பத்து வாட்டி அளக்குறாக. கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன், பார்வை சரியாத்தான் இருக்குன்னுட்டாரு. இவுக நம்ப மாட்டேங்குறாக. லேத்த வித்துரலாமுங்குறாக."

நாளைக்கு வாரேன் என்று மட்டும் சொன்னேன்.

ஏலே உக்கிரபாண்டி, என்னலே பண்ணி வச்சிருக்க? மச்சினன் ஒருத்தன் சிரிச்சதுக்கா இவ்வளவும்?

ஜனவரி 29

பாம்பன் போனேன். லேத் மேல் துணி போர்த்தியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, குப்பி, தண்ணீர், மேலே மிதந்த எண்ணெய், ஒன்று விடாமல் சொன்னேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"பதினொண்ணாந் தேதி."

விரல் விட்டு எண்ணினார். "பதினெட்டு நாளு. தப்பு யாருக்கும் வரும் மாப்ள, அதுக்கு ஒண்ணும் சொல்லல. இந்தப் பதினெட்டு நாளும் என் கைய நானே சந்தேகப்பட்டுக் கெடந்தேன். நீ தெரிஞ்சே வீட்டுல சும்மா இருந்திருக்க." பிறகு, "நீ போ" என்றார்.

சத்தம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மாலதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய்ப் பழத்தைப் பரப்பிக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்கு அவருக்காகப் போனீகளா, சிலிண்டரச் சரிபண்ண ஆள் வேணுமேன்னு போனீகளா?"

சுள்ளென்று கோபம் வந்தது. அவளைத் திட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. போன அன்றைக்குச் சிலிண்டரும் என் பையில் இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

பாம்பன். இன்றைக்குப் பை எடுத்துப் போகவில்லை.

லேத் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. படகு விசிறியைச் சுழற்றும் ஷாப்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார் பாய். படகுக்காரர் பக்கத்திலேயே நின்றார். நான் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்தார், வேலையை நிறுத்தவில்லை. கடைந்து முடித்து, ஒரே தடவை அளந்து, ஷாப்டைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினார்.

"சிலிண்டர் எங்க?"

"கொண்டாரல பாய். அதுக்கு வரல."

"பெறகு எதுக்கு வந்த?"

"சும்மா, பாக்கத்தான்."

பாய் துணியால் தன் கையை விரல் விரலாகத் துடைத்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் முன்னால் எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை.

"சும்மா வந்தவன் நிக்காத. போயி ரெண்டு டீ வாங்கிட்டு வா. எனக்குச் சீனி கம்மி."

டீக்கடையில் கண் நிறைந்து வழிந்துவிட்டது. அடுப்புப் புகை என்று நினைத்துக் கடைக்காரர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். நானும் புகைதான் என்று சொல்லி முகத்தைக் கழுவிக்கொண்டேன்.