பாயைத் தூக்கினாள் இயானெத்தா

மார்ச் 3, 2019, ஞாயிறு

சபையில் சின்னப் பிள்ளைகளின் வேதபாட வகுப்பு என்னுடையது. பெரிய பிள்ளைகளின் வகுப்பு லெமெக்கி அண்ணனுடையது. லோசாவுக்குப் பத்து வயது, அங்கேதான் போக வேண்டும். இன்றும் என் குட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு கேட்டேன்.

"மிஸ், பாடம் முடிஞ்சதும் லெமெக்கி மாமா என்னை மட்டும் இருக்கச் சொல்றாரு. நீங்க அவரு தங்கச்சி, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா வேற யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல."

மீதியையும் சொன்னாள். அதை எழுத என்னால் முடியாது.

என் அண்ணன். சபையின் டீக்கன், போதகருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவன். அவள் பொய் சொல்கிறாள் என்று நினைக்க முயன்றேன் — ஒரு நிமிடம்கூட முடியவில்லை.

அவள் அம்மா இயானெத்தாவிடம் அழைத்துப்போனேன். கேட்டு முடித்ததும் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய பெண்ணை, கைக்குழந்தைபோல.

மார்ச் 4, திங்கள்

போதகரிடம் போனேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு.

"சபைக்குள்ளயே பாத்துக்கலாம் மத்தலேனா. அவன டீக்கன் பொறுப்புலேர்ந்து எறக்கிடறேன். ஊர்க்கூட்டம் அபராதம் போடட்டும். போலீஸுக்குப் போனா சபை பேரு என்னாகும்?"

"லோசா என்ன ஆவா, ஐயா?"

"ஜெபம் பண்ணுவோம்" என்றார். சேர்ந்து ஜெபித்தோம். ஆமென் சொல்லும்போதே முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

முதல் பஸ்ஸில் தலைநகர் ஆப்பியாவுக்குப் போனோம், மூன்று பேரும். யார் கேட்டாலும் "துணி எடுக்கப் போறோம்" என்றாள் இயானெத்தா.

பெண் போலீஸ் ஒருத்தி லோசாவைத் தனி அறைக்கு அழைத்துப்போனாள். இன்னொருவர் என்னை விசாரித்தார்.

"அந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு?"

"கூடப் பிறந்தவன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவரும் சமோவாக்காரர்தானே. தங்கையின் கண்ணீர் அண்ணனுக்குச் சாபம் என்று நம்பும் மண் இது. அந்தத் தங்கையே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

லோசா வெளியே வந்தாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேன் மிஸ். நடுவுல ஒரு தடவதான் அழுதேன். அந்த அக்கா அவசரமே படல." பிறகு, "பசிக்குது" என்றாள்.

இந்தச் சின்ன உடம்புக்குள் இத்தனை தைரியம் எங்கே இருந்தது? வழி முழுக்க அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 6

அண்ணனைக் கூட்டிப்போய்விட்டார்கள். என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 8, வெள்ளி

பெரியப்பா ஃபாலானிக்கோ வந்தார். எங்கள் குடும்பத் தலைவர், அவர் வாசலில் நின்றால் நாய்கூடக் குரைக்காது.

"சொந்த ரத்தத்தையே காட்டிக் குடுத்துட்டு வந்தியே, தொண்டையில சாப்பாடு எறங்குதா ஒனக்கு?"

"எறங்கல பெரியப்பா."

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு விடியறதுக்குள்ள இயானெத்தா வீட்டு வாசல்ல பாயைப் போத்திக்கிட்டு இஃபோங்காவுக்கு உக்காரப் போறோம். நீயும் வரணும். அவ பாயை எடுத்துட்டா மன்னிச்சதாயிடும். அப்புறம் கேஸ் எதுக்கு?"

"கேஸை வாபஸ் வாங்கச் சொல்ல நான் வரமாட்டேன். மன்னிப்புக் கேக்கன்னா வர்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டீ."

"இல்ல பெரியப்பா."

மார்ச் 9, சனி

எழுதும்போதும் மேல் சிலிர்க்கிறது.

இருள் பிரியுமுன் இயானெத்தாவின் முற்றத்தில் முழந்தாளிட்டோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே வெளியே வரும் எங்கள் மெல்லிய தாழைப்பாயைப் பெரியப்பா தலைமேல் போர்த்திக்கொண்டார். நான் அவர் முதுகை ஒட்டி, அதே பாயின் அடியில். எங்கள் வீட்டுப் பிள்ளை செய்த பாவத்துக்கு இதோ எங்கள் கழுத்து, வெட்டினால் வெட்டுங்கள் — இஃபோங்கா என்றால் அதுதான். வீட்டுக்குள் யாரோ கத்தியைக் கல்லில் தீட்டும் சத்தம் கேட்டது. இயானெத்தாவின் தம்பியாக இருக்கும்.

வெயில் ஏறியது. பாய்க்குள் பெரியப்பாவின் மூச்சு மட்டும். அவர் அழுகிறார் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது.

வெறுங்கால் நடந்து வரும் சத்தம். பாய் எழுந்தது. ஆண்களை அனுப்பாமல் தானே வந்திருந்தாள் இயானெத்தா, பல நாள் தூங்காத முகத்தோடு.

"எந்திரிங்க பெரியவரே. உங்கமேல எனக்குக் கோவம் இல்ல. எங்க வீட்டாளுங்க யாரும் உங்க வீட்டு ஆளுங்கமேல கை வைக்க மாட்டாங்க. உள்ள வந்து கோகோ குடிங்க."

பெரியப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தெய்வம் மாதிரி இருக்கம்மா. அப்ப அந்தக் கேஸு..."

"கேஸு நடக்கும்."

"பாயை எடுத்துட்டியேம்மா!"

"பாய நீங்க என் வாசலுக்குக் கொண்டாந்தீங்க, எடுத்தேன். எம்பொண்ணு போலீஸ்ல சொன்னது அவ சொன்னது. அதத் திரும்ப எடுக்க நான் யாரு? நீங்க யாரு?"

குரல் உயரவே இல்லை. பெரியப்பா ஊர்க்கூட்டத்தில் பேச எழுந்தால் மழைகூட நின்று கேட்கும் என்பார்கள். இன்று, ஆண் பெண் யாருக்கும் குனியாத அந்தத் தலை, அவளுக்குக் குனிந்தது.

இவளோடு இத்தனை வருடம் ஒரே பாட்டுக்குழுவில் நின்று பாடியிருக்கிறேன். பக்கத்தில் நின்றது யார் என்று தெரியாமலே!

மார்ச் 17

அண்ணி பேசுவதில்லை. குழாயடியில் ஊர்ப் பெண்கள் எனக்கு இடம் விட்டு விலகுகிறார்கள் — மரியாதைக்காக அல்ல.

ஆகஸ்ட் 14

கோர்ட்டில் அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். லோசா சாட்சிக்கூண்டில் ஏற வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். யாருக்காக? தெரியவில்லை. இரண்டு பேருக்காகவும்தானோ.

நவம்பர் 21, வியாழன்

காலையில் சபையில் பூ மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி ஏழெட்டு வயது மகனோடு வந்தாள். போதகரை ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினாள். நடுநடுவே பையனைப் பார்த்தாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டு முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மத்தலேனா, பூவ அப்புறம் வச்சுக்கலாம். வண்டிய நான் ஓட்டறேன். அந்தப் புள்ள பக்கத்துல நீ உக்காரும்மா."

ஆப்பியா போலீஸ் நிலைய வாசலில் அவரே முதலில் இறங்கி வந்து, பையன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.