பிரேக் டப்பாவில் நான் ஊற்றிய எண்ணெய்

மலைப்பாதை முழுக்க என் வலப்பக்கம் உட்கார்ந்து வண்டி ஓட்டிய தம்பி சீனிக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் புது வேன் வந்துவிட்டது. அதில் பிரேக் ஆயில் டப்பா பானட்டைத் திறந்ததுமே கண்ணில் படுகிறது. வெள்ளை பிளாஸ்டிக். எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். நம் ஜீப் மாதிரி காலடித் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாம். புது டிரைவர் பெருமையாகக் காட்டினார். நல்லது என்று சொல்லிவிட்டு வார்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கடிதத்தை நம் ஆஸ்பத்திரி ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் நம் சின்ன ஆஸ்பத்திரி. வாரத்தில் இரண்டு நாள் ஜீப் மலையடிவாரத்துக்குப் போகும். நீ டிரைவர், நான் நர்ஸ். என்னைவிட ஏழு வயது சின்னவன் நீ. முதல் நாளே 'எஸ்தர் அக்கா' என்று கூப்பிட்டாய். பிளவக்கல் அணையைத் தாண்டி மண்பாதையில் ஏறும்போது நீ பேச்சை நிறுத்திவிடுவாய், நானும் நிறுத்திவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி. சனிக்கிழமை மலைக்கோயிலுக்குப் போக இரண்டு நாள் லீவு கேட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ந்து உனக்குச் சீனிவாசன் என்று பேர் வைத்தார்களாம். அந்தப் பெருமாளைப் பார்க்காமல் புரட்டாசியைக் கழிக்க மாட்டாய்.

கிளம்பும்போது, "பிரேக் பெடல் கொஞ்சம் கீழ போகுது அக்கா. ஆயில் குறைஞ்சிருக்கும். வந்து பாத்துக்கிடுதேன்" என்றாய்.

நான் பார்த்துவைத்தால் உனக்கு ஒரு வேலை குறையுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், தம்பி. நீ தகட்டைக் கழற்றி, மூடியைத் திருகி ஊற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஷெட்டில் அலமாரிமேல் ஒரு பாட்டில் இருந்தது. திறந்து பார்த்தேன், எண்ணெய்தான். டப்பா நிறைய ஊற்றி மூடினேன்.

ஒரு ஊசி போடும் முன் மருந்துப் பேரை மூன்று தடவை படிக்கிறவள் நான். அந்தப் பாட்டிலில் பேரே இல்லை. அது என்ஜின் ஆயில்.

நீ திரும்பி வந்த அன்று காலையில் அவசரமாகக் கிளம்பினோம். அணைக்கு மேலே ஒரு குடியிருப்பில் தலைப்பிரசவத்துக்காரி முதல் நாளிலிருந்து வலியில் கிடக்கிறாள் என்று ஆள் வந்திருந்தது. நீ பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்து, "பரவாயில்ல, ஏறிருக்கு" என்றாய். நான்தான் ஊற்றினேன் என்று அப்போது சொல்லியிருந்தால்கூட ஷெட்டிலேயே கண்டுபிடித்திருப்பாய். பஞ்சு, கத்தரி, கையுறை எல்லாம் எடுத்தாயிற்றா என்ற யோசனையில் சொல்ல மறந்தேன்.

ஏறும்போதே, "வண்டி இழுக்க மாட்டேங்குது அக்கா. யாரோ பின்னால பிடிச்சுத் தொங்குற மாதிரி இருக்கு" என்றாய். இறங்கும்போது அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் பின்னால் இருந்தார்கள். சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. இரண்டாவது வளைவில் உன் கால் தரைவரைக்கும் போய் முட்டியதை நான் பார்த்தேன். கியரைக் கீழே கீழே இறக்கினாய். மண்மேட்டில் வண்டியின் இடதுபக்கத்தை உரசவிட்டாய். என் பக்கத்துக் கம்பி வளைந்தது. வண்டி நின்றது.

நீ கீழே படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகாணியைத் தளர்த்தினாய். சூடாக எண்ணெய் பீய்ச்சியது. விரலில் தேய்த்துப் பார்த்தாய். அப்புறம் என்னிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டாய். அதில் ரெண்டு சொட்டு விட்டாய்.

"பிரேக் ஆயிலுன்னா தண்ணியில கரைஞ்சுரும். இது மிதக்குது பாருங்க."

தம்ளரிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். எத்தனை துடிப்பு என்று நான் எண்ணவே இல்லை.

முதல் கியரிலும் கைபிரேக்கிலுமாக வண்டியை இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது. அழவில்லை. டாக்டரம்மா அதன் வாயிலிருந்து சளியை உறிஞ்சி, மூச்சுக் கொடுத்து, முதுகைத் தேய்த்து, திரும்ப மூச்சுக் கொடுத்து… அது அழுதபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வாசலில் நின்ற உன்னிடம் நான்தான் வந்து சொன்னேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய்.

மறுநாள் டாக்டரம்மா நம் இருவரையும் கூப்பிட்டார்கள். "பிரேக்ல என்ஜின் ஆயிலை ஊத்தினது யாரு?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நீ, "நாந்தாம்மா. பாட்டில் மாறிப் போச்சு" என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னாய்? அந்த மாதம்தான் எனக்கு வார்டு பொறுப்பு கொடுப்பதாக இருந்தார்கள். அதை நினைத்தாயா? மலைக்கு வர வேறு நர்ஸ் கிடைக்க மாட்டாள் என்று நினைத்தாயா? இல்லை, என் முகத்தைப் பார்த்தாயா? நான் ஏன் உன்னை மறுத்துப் பேசவில்லை என்பதற்கு எனக்குப் பதில் தெரியும். அது நல்ல பதில் இல்லை.

அன்று சாயங்காலம் ஜீப்பைச் சரிசெய்தாய். பழைய எண்ணெயை எல்லாம் வடித்தாய். உள்ளே இருந்த ரப்பர்களைக் கழற்றிக் காட்டினாய், என்ஜின் ஆயிலில் ஊறி, ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி பிரேக்கை விடாமல் பிடித்திருந்தன. அத்தனையையும் மாற்றினாய். குழாய்களைக் கழுவ வார்டிலிருந்து ஸ்பிரிட் கொண்டுவந்து கொடுத்தேன். புது ஆயில் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க, பெடல் மிதிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன்.

ஆயில் டப்பாவுக்கு இருக்கிறதில் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பித்தாய். இடதுபக்கம், பின்னால். திருகாணியில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பாட்டிலில் இருந்த ஆயிலுக்குள் முக்கி வைத்தாய்.

"மிதிங்கக்கா. இன்னொருக்கா. ம், அப்படியே அமுத்திப் பிடிங்க."

நீ திருகாணியைத் திறப்பாய். என் காலுக்கடியில் பெடல் மெதுவாக அமுங்கும். பாட்டிலில் குமிழ் வரும். நீ மூடுவாய். "இப்ப விடுங்க" என்பாய். மறுபடியும் அதே. மூன்றாவது சக்கரத்தில் நான், "சீனி, அந்தப் பாட்டிலு…" என்று ஆரம்பித்தேன்.

"பெடலை விட்டுறாதீங்கக்கா. மூடுறதுக்குள்ள விட்டா காத்து உள்ள ஏறிரும். மறுபடி முதல்ல இருந்து செய்யணும்."

நான் விடவில்லை. பேசவும் இல்லை. நாலு சக்கரமும் முடிந்து குமிழ் நின்றபோது பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. "இனி யாரு ஓட்டினாலும் நிக்கும்" என்றாய். யாரு ஓட்டினாலும் என்று நீ சொன்னது ஏன் என்று அடுத்த வாரம்தான் புரிந்தது.

ஆறு மாதம் உன்னை ஸ்டியரிங் பக்கம் விடவில்லை. கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். வேறு ஒருவர் ஜீப் ஓட்டினார். வாரத்தில் இரண்டு காலை நீ கேட்டைத் திறந்துவிடுவாய், நான் முன்சீட்டில் உட்கார்ந்து உன்னைத் தாண்டிப் போவேன். "போயிட்டு வாங்கக்கா" என்பாய். ஒரு நாளும் உன் குரல் மாறியதில்லை. மாறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் பத்து வருடம் நீ எனக்கு வண்டி ஓட்டினாய். நாம் எல்லாம் பேசினோம், அதை மட்டும் பேசவில்லை. காமாலை முற்றி நீ நம் வார்டிலேயே படுத்திருந்தபோது உனக்கு ஊசி போட்டவளும் நான்தான். ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நீ, "அக்கா, செத்த நேரம் தூங்கிக்கிடுதேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாய். தெரிந்துதான் மூடினாயா?

போன வாரம் ஆஸ்பத்திரியில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். டாக்டரம்மாவுக்கு வயதாகிவிட்டது, உட்கார்ந்தபடியே பேசினார்கள். நல்ல மனதோடுதான் பேசினார்கள். "சீனி இத்தனை வருஷத்துல செஞ்சது ஒரே ஒரு தப்புதான், அந்த பிரேக் ஆயில். அதையும் மறைக்காம ஒத்துக்கிட்டான்" என்றார்கள். முன்வரிசையில் உன் மனைவி லட்சுமி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்தேன். "அவன் ஊத்தல. நான் ஊத்தினேன்" என்றேன். அப்புறம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அந்தத் தப்புக்கு உன் பேரில் இருந்த குறிப்பை அடித்துவிட்டு என் பேரை எழுதச் சொல்லி மறுநாள் கேட்டேன். எழுதிவிட்டார்கள்.

லட்சுமியிடம் கூட்டம் முடிந்ததும் போனேன். ஊற்றியது நான் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாதாம். நீ வீட்டில்கூடச் சொல்லவில்லையே தம்பி!

"கவனமில்லாத மனுசன், கவனமில்லாத மனுசன்னு அதையே சொல்லிச் சொல்லி அவியள எம்புட்டுத் திட்டிருக்கேன் மதினி. பிள்ள முன்னால திட்டிருக்கேன். ஒரு தடவ வாயத் தொறக்கலையே. நீங்களாவது அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உன் மகள் கோதை மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கூட்டத்துக்கு அவளால் வர முடியவில்லை. அடுத்த மாதம் லீவுக்கு வருகிறாள். தன் அப்பாவைக் கவனமில்லாத மனிதர் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. லட்சுமியின் வாயால் அவள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். நானே வந்து, உன் வீட்டு வாசலில் நின்றாவது, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் எதைக் கேட்டாலும் இந்தத் தடவை குனிந்துகொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
வாய் திறக்கப் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்ட உன் அக்கா,
எஸ்தர்