மாமன் நல்ல வீடு என்றதும் எனக்குத் தோன்றியது

லீட்ஸில் இருக்கும் அன்பு மகள் பாண்டிசெல்விக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்பதே இங்கே தினமும் பேச்சு. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆண்டாள் கோவிலுக்கு பஸ்ஸிலேயே போய் வருகிறாள், அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவன் புகழையும் சுமந்துகொண்டு வருகிறாள். நீ வாங்கப் பார்த்திருக்கும் வீட்டை வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேனே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

இந்த வருஷம் அய்யனார் கோவில் பாதையில் ஒரு மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுத்தேன். நான் போகும்போது உன் மாமன் ராக்கப்பன் அதே தோப்பைப் பார்த்துவிட்டு, விலைகூடக் கேட்காமல் பைக்கில் எதிரே வந்தான். நடிக்கிறான், காலையில் வந்து அமுக்கிவிடுவான் என்று எனக்குள் ஒன்று சொன்னது. அந்தக் குரலை நம்பித்தான் தலைச்சுமையாகப் பழம் விற்றவன் மண்டி வைத்தேன், அதனால் அன்றைக்கே பேசி முடித்தேன். பத்து நாளில் பூவெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. உனக்கு எப்படித் தெரிந்தது என்று அவனிடம் கேட்டால், எனக்கே தெரியல அத்தான், உள்ள போனதும் மனசு ஒட்டல, வந்துட்டேன் என்கிறான். ஏதாவது காரணம் சொல்லியிருந்தால்கூட ஆறியிருப்பேன். உன் அம்மா வேறு, அவனுக்கு அது பொறப்புலயே வந்தது, ஒங்களுக்கு வாய் மட்டுந்தான் வந்திருக்கு என்றாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. வழக்கமாகப் பூங்கொத்தை வளைத்து உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பேன், தட்டியிருந்தால் பூவைக் கருக்கும் தத்துப்பூச்சி விழுந்திருக்கும். அன்று மரத்தடியில் நின்றுகொண்டு அவன் போன பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேசியது பொறாமை. அதற்கும் வியாபாரப் புத்திக்கும் ஒரே குரலாக இருக்கிறது, என்ன செய்ய.

வீட்டுப் படத்தை நீ எனக்கு முன்னாலேயே மாமனுக்கு அனுப்பியிருக்கிறாய். நல்ல வீடு பாப்பா, விட்டுராத என்றானாம், உன் அம்மா சொன்னாள். கேட்ட நிமிஷமே எனக்கு வேண்டாம் என்று தோன்றியது, படத்தை அதற்குப் பிறகுதான் திறந்தேன். இப்போது நான்கு தடவை பார்த்தாயிற்று. வெளிச்சம் இருக்கிறது, அடுப்படி பெரியது, சுவரில் ஈரம் தெரியவில்லை. வாங்கிக்கொள்.

குடிபோகும் வீட்டில் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். பால் காய்ச்ச நாள் குறித்ததும் முதலில் எனக்குச் சொல், மாமனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
சீ. தனுஷ்கோடி
ராஜபாளையம்