உங்கள் பெயருக்கு வந்த வாக்காளர் அட்டை

என்னங்க,

இன்று காலை தபால்காரர் நம் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து இரண்டு வாக்காளர் அட்டைகளைக் கொடுத்தார். ஒன்று எனக்கு. மற்றதில் உங்கள் பெயர். நீங்கள் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. பிரதேச சபைத் தேர்தலுக்கு ஓட்டுப் போட உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் வந்தது, பயமும் வந்தது. தப்புச் செய்தது நான்தானே.

நீங்கள் போன இரண்டாம் மாதம் கிராம சேவகர் வாக்காளர் பதிவுப் படிவத்தைத் தந்துவிட்டுப் போனார். வருடா வருடம் நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களே, அதேதான். வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் உங்கள் பெயரையே எழுதிவிட்டேன். தோட்டத்துப் புத்தகத்தில் நாம் குடியிருக்கும் இந்த லயக் காம்பரா உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பெயரை எங்கேயாவது எடுத்தால் காம்பராவையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று நினைத்தேன். எந்தப் புத்தகம் யாருடையது என்று எனக்கு எப்போதுமே குழப்பம்.

படிவம் எழுதும் நாளில் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது உங்களுக்கு. "செக்ரோல்ல பேரு விழலன்னா ஒரு நாளு சம்பளம் போகும். இதுல விழலன்னா ஓட்டு இல்லாம நாலு வருஷம் போகும், தெரிஞ்சிக்க" என்பீர்கள். அப்படிப் பேசிய மனுசன், போன சபைத் தேர்தலில் என்ன செய்தீர்கள்? போட்டியிட்ட இரண்டு பேரும் வீடு தேடி வந்து கும்பிட்டார்கள், யார் மனமும் நோகக் கூடாது என்று இரண்டு சின்னத்துக்கும் புள்ளடி போட்டு ஓட்டைச் செல்லாததாக்கினீர்கள். பெருமையாக வேறு சொன்னீர்கள். இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

மத்தியானம் அட்டையையும் மரணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு லிந்துலைக்குப் போய்க் கிராம சேவகரிடம் உண்மையைச் சொன்னேன். பாதி சிங்களம், பாதி தமிழ். அவர் ஏசவில்லை. தோட்டத்துப் புத்தகம் வேறு, இது வேறு, இதில் பெயரை எடுத்தால் காம்பரா போகாது என்றார். நம்பலாமா என்று இன்னும் தெரியவில்லை. தோட்டத்து ஆபீசிலும் கேட்க வேண்டும். தேர்தல் நாளில் அடையாள அட்டையோடு வந்து ஒரே ஒரு புள்ளடி போடச் சொன்னார். நம்பர் எதுவும் எழுத வேண்டாமாம். போன ஜனாதிபதித் தேர்தலில் எழுதினோமே என்றேன். அது வேறு தேர்தல் என்றார். எல்லாமே வேறு வேறாக இருக்கிறது.

பிறகு இந்த வருடப் படிவத்தை எடுத்து, "இப்போ வீட்டுக்குத் தலைவர் யாரு அம்மா?" என்று கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். சாவைப் பதியும்போதுகூட உங்கள் தம்பிதான் கையெழுத்துப் போட்டார். உங்களை இறந்தவர் என்று நான் எங்கேயும் எழுதியதில்லை. நீக்க வேண்டிய பெயர் என்ற இடத்தில் இன்று உங்கள் பெயரை எழுதினேன். வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். மகளின் பெயர் அவள் கட்டிப்போன பூண்டுலோயாவில் இருக்கிறது. அடுத்த வரிக்கு யாரை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இனி யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.