கம்பி வேண்டாத கறண்டு

அஜக்ஸ்,
ஒன்ராறியோ.
ஒக்ரோபர் 12, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சின்னண்ணைக்கு,

உங்கள் சுகத்தை விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் நீங்களும் மச்சாளும் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததையும், மறுநாளே பூங்காவில் நின்று சிரித்துப் படம் எடுத்ததையும் பேஸ்புக்கில் பார்த்துவிட்டேன். ஆகவே கேட்பதற்கு ஒன்றுமில்லை. இங்கே நாங்கள் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஃபோன் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இரண்டு வசனம் சொல்வதற்குள், உனக்கு உது விளங்காது புனிதம், நில்லு மச்சாளிட்டைக் குடுக்கிறன் என்று கையைக் கழுவிவிடுவீர்கள். எனக்குப் பேரப்பிள்ளை பிறக்கப் போகிற வயதிலும் உங்களுக்கு நான் மூக்குச் சிந்திக்கொண்டு திரிந்த தங்கச்சிதான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. வாசித்தே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டு விருந்தை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் மகன் மிதுனனின் கல்யாணம் முடிந்த மறுவாரம் வந்தீர்கள். உங்களுக்குப் பிடிக்கும் என்று மார்க்கம் வரை போய் நண்டு வாங்கி வந்தேன். இவர் அன்று காலையிலிருந்தே பின்வளவில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு முதல் நாள்தான் மழை பெய்திருந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நனைந்த புல்லுக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டார். நீங்கள் பார்க்கும்போது மண் நன்றாக ஈரமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தண்ணீர். ஈரம் இருந்தால்தான் அந்தச் சின்னப் பல்ப் எரியும்.

அதைக் காட்ட அவர் வேறு ஒருவரையும் கூப்பிடவில்லை. பல்கலைக்கழகத்தில் அதையே படிப்பித்த மனிசன் என்று உங்களை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனார். வேலியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு செப்புத் தடி. ஐந்தாறு அடி தள்ளி அதேபோல் இன்னும் இரண்டு. இந்தப் பக்கத்தில் தோட்ட விளக்குக்கு விற்கிற சின்ன ட்ரான்ஸ்ஃபோமர், அந்தப் பக்கத்தில் அரிசி மணி அளவில் ஒரு பல்ப். நடுவில் கம்பி கிடையாது, மண்தான். அது எரிந்தது. நான் குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்ன நவரட்ணம், மண்புழுவுக்குக் கறண்டு குடுக்கிறீரோ என்று கேட்டீர்கள். இரண்டு புழு வெளியே வந்து நெளிந்தது உண்மைதான், நானும் பார்த்தேன். அதற்காக அதைச் சாப்பாட்டு மேசையிலும் கொண்டுவந்து சொல்ல வேண்டுமா? முன்வீட்டு அன்ரனெற் குடும்பம் இருந்தது. மிதுனனும் அவன் மனைவியும் இருந்தார்கள். எங்கள் நிலக்சி இருந்தாள். முதலாம் வருஷப் பெடியள் உதைக் கொண்டுவந்தால் நான் வகுப்பிலையிருந்து கலைச்சிருப்பன் என்று சொல்லிவிட்டு, இவருக்கு அஜக்ஸ் ரெஸ்லா என்று பட்டமும் வைத்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நிலக்சியும் சிரித்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நீங்கள் நிறுத்தவில்லை.

அதோடு விட்டீர்களா? மறுநாள் இவர் தடிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அதே பட்டத்தைக் கீழே எழுதினீர்கள். மெல்பேர்னிலிருந்து ஜதுர்சன், ஜேர்மனியிலிருந்து பெரியம்மாவின் பிள்ளைகள் என்று ஆளாளுக்குச் சிரிக்கிற முகம் போட்டார்கள். அந்தக் குழுவில் இவரும் இருக்கிறார், அண்ணை. அது உங்களுக்குத் தெரியாமல் போனதா, தெரிந்துதான் போட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. இரண்டுமே எனக்கு ஒன்றுதான்.

ரெஸ்லாவின் மேல் எனக்குப் பாசம் என்று நினைக்காதீர்கள். அந்த விஞ்ஞானியைப் பற்றிய புத்தகத்தை இவர் நூலகத்தில் எடுத்த நாளிலிருந்து அந்த மனிசன் வாடகை கொடுக்காமல் எங்கள் வீட்டில் குடியிருந்தார். 401 நெடுஞ்சாலையில் வாகனம் நகராமல் நின்றால் போதும், பேச்சுத் தொடங்கிவிடும். நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்குமாம், கொலராடோவில் ஒரு பெரிய கம்பிச் சுருளை வைத்து மின்னல் போலப் பொறி பறக்க விட்டாராம். ஊருக்குக் கறண்டு கொடுத்த ஜெனரேற்றர் எரிந்து போனதாம். பக்கத்தில் நின்ற குதிரைகள் லாடம் வழியாகக் கறண்டு அடித்து ஓடின என்று கதையும் உண்டாம். பிறகு நியூயோர்க்குக்குக் கிட்டக் கோபுரம் கட்டி, பூமியையே பிடித்து ஆட்டுவதற்கு அதன் அடியில் இரும்புக் குழாய் இறக்கினாராம். நயாகராவில் எடுக்கிற கறண்டை மண்ணுக்குள் விட்டால், உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு தடியைக் குத்தி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணமாம். காசு போட்டவர் கையை விரித்ததும் வேலை நின்று, கடைசியில் கோபுரத்தை இடித்துப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்களாம். இதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டு அலுத்து, மரக்கறிக் கடையில் காசு வாங்குகிற பிள்ளைக்கும் இவர் சொல்லத் தொடங்கியபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அது சரிவராது என்று இவருக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? உங்களுக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. மண்ணுக்குள் விட்ட கறண்டு நாலு பக்கமும் பரவிக் கரைந்து போகும், தூரத்துக்குப் போக ஒன்றும் மிஞ்சாது என்று தன் பேச்சில் தானே எழுதி வைத்திருந்தார். ஓம், பேச்சு. அஜின்கோர்ட் முதியோர் சங்கத்தில் இந்த மாதக் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலம் இவரைப் பேசக் கேட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் காலம் முழுக்க மூடி வார்த்த மனிசனை இந்த நாட்டில் யாராவது மேடைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. புதுச் சேர்ட் ஒன்றும் வாங்கினோம். உங்களிடம் ஒரு தரம் சரிபார்த்துக்கொண்டு பேசலாம் என்றுதான் நீங்கள் வரும்வரை காத்திருந்தார்.

நீங்கள் விமானம் ஏறிய அன்று செப்புத் தடிகளைப் பிடுங்கிப் போட்டார். புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தார். அஜின்கோர்ட்டுக்கு ஃபோன் அடித்து, தான் வரவில்லை, வேறு யாரையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்கள் நல்ல மனிசர். 24ஆம் திகதி வெள்ளி வரைக்கும் வேறு ஆள் போடமாட்டோம், நவரட்ணம் அண்ணையோடை கதைச்சுப் பாருங்கோ அக்கா என்று என்னிடம் சொன்னார்கள்.

கதைப்பதற்கு ஆள் வேண்டும் அல்லவா? இவர் இப்போது கதைப்பதில்லை. கேட்டால் ஓம், இல்லை. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மிதுனன் ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய வீட்டின் கதவுத் திறப்பைக் கொண்டுவந்து கையில் வைத்தான். ஓம் என்றார். நாளை தாங்ஸ்கிவிங்குக்குப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள், என்ன சமைக்க என்று கேட்டேன். அதற்கும் ஓம் என்றார். கோபித்துக்கொண்டு இருக்கிறார் என்றால் எனக்குப் பயமில்லை. கோபத்தைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இது கோபம் இல்லை. இதை நான் முன்பு பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

பார்த்தது எப்போது என்று நினைவிருக்கிறதா? எங்கள் மூத்தவள் போன பிறகு. அந்தப் பெயரில்லாத பிள்ளையைப் பற்றி இந்த வீட்டில் நாங்கள் பேசுவதில்லை, கடிதத்தில் எழுதுவதும் இதுதான் முதல் தரம். மாதம் நிரம்பாமல் பிறந்தவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சண்டையில் யாழ்ப்பாணத்துக்கே கறண்டை வெட்டி வைத்திருந்த காலம். ஆஸ்பத்திரி ஜெனரேற்றருக்கு டீசல் முடிந்தது. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக டீசல் கேட்டுப் போனார், நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றீர்கள். இவர் ஒரு போத்தலோடு திரும்பி வந்தபோது அது தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு இங்கே வந்து, ஸ்காபரோ அடுக்குமாடியில் இருந்த காலம் முழுக்க ஓமும் இல்லையும்தான். இரட்டை ஷிப்ட் செய்வார், சாப்பிடுவார், படுப்பார். இரண்டு பிள்ளைகளும் அப்பா என்றால் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்து வளர்ந்தார்கள். பென்ஷன் எடுத்த பிறகு, எங்கோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனின் கோபுரக் கதை வந்துதான் அவருடைய வாயைத் திறந்தது. நான் அதை எப்படித் திட்டினாலும், அவர் பேசுகிறார் என்று உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அதைத்தான் நீங்கள் நண்டுக் கோதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போனீர்கள்.

இவர் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும்போது கேட்டார், நான் சொதிச் சட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்தக் கோபுரம் சரிவந்து நிண்டிருந்தால், ஒருத்தராலும் கறண்டை வெட்ட ஏலாதுதானே மச்சான் என்று கேட்டார். நீங்கள் முதுகில் தட்டி, முதலில் ஹைட்ரோ பில்லைக் கட்டும், இல்லாட்டி உம்மடை வீட்டுக் கறண்டை வெட்டிப்போடுவாங்கள் என்று சொல்லிவிட்டு வரவேற்பறைக்குப் போய்விட்டீர்கள். யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று உங்களுக்கு விளங்காமல் போனதே என்பதுதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது. உலகத்தில் வேறு எவருக்கும் விளங்காமல் போகலாம். அந்த வாசலில் நின்ற உங்களுக்கு விளங்காமல் போகலாமா?

ஆகவே வெள்ளிக்கு முதல் இவருக்கு ஃபோன் எடுங்கள். எனக்கு அல்ல, இவருக்கு. மன்னிப்புக் கேட்டு அழச் சொல்லவில்லை, உங்களுக்கு அது வராது, இவருக்கும் கூச்சமாக இருக்கும். அவருடைய பேச்சை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை இருந்தால் பிழை என்று சொல்லுங்கள். அதை அவர் தாங்குவார், அதற்குத்தானே உங்களுக்காகக் காத்திருந்தார். ஒருவருக்கொருவர் சமமான மனிசர் கதைப்பதுபோலக் கதையுங்கள். குழுவில் போட்ட படத்தையும் எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். இவர் சொல்லச் சொல்லக் கேட்டு எனக்கும் கொஞ்சம் விளங்கும், அண்ணை. மண்ணுக்குள்ளால் வருகிற கறண்டை எடுக்கவும் கையில் ஒரு பெட்டி வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்கு ரோச் பற்றரி கொண்டுவரவே ஆமிக்காரர் விட்டார்களா? றேடியோ கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றினோமே. பற்றரியைப் பறித்தவர்கள் அந்தப் பெட்டியையும் சோதனைச்சாவடியில் பறித்து வைத்திருப்பார்கள். கோபுரம் எவ்வளவு நன்றாக நின்றிருந்தாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் அன்று இருட்டாகத்தான் இருந்திருக்கும். சட்டி பானை கழுவிக்கொண்டு நின்றபோது இது எனக்குச் சட்டென்று மூளையில் ஓடி வெளித்தது. கழுவின பாத்திரத்தைத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன். இவருக்கு அது ஓடி வெளிக்கவில்லை. இவ்வளவு வாசித்த மனிசனுக்கு அது ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கரைந்து போகும், பரவிப் போகும் என்று படிப்பில் உள்ளதையெல்லாம் சொல்லுங்கள். பற்றரிக் கதையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. கம்பியே இல்லாத கறண்டில் வெட்டுவதற்குக் கம்பி இல்லை, அது உண்மைதானே. அந்த உண்மையை மட்டும், ஓம் நவரட்ணம், வெட்ட ஏலாது என்று உங்கள் வாயால் ஒரு தரம் சொல்லிவிடுங்கள்.

மச்சாளின் முழங்கால் நோவுக்கு எண்ணெய் பார்சலில் போட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல், எல்லோருமாக நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று இந்தக் கோபத்தோடுதான் கும்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
புனிதவதி