கிணற்றுக்கு வடக்கே ஒரு திறப்பு

இன்று காலை பக்கத்து வளவுக்காரர் தன் காணி உறுதியைக் கொண்டுவந்து வாசித்துச் சொல்லச் சொன்னார். "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் அடங்கலாக" என்ற இடத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுசன் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். செத்தும் எழும்பி வருகிற சொம்பிகள் நடமாடுகிற ஒரு ஊருக்கு நீர் இதே வசனத்தை எழுதி வைத்திருந்தீர் என்று அவருக்கு எப்படிச் சொல்வது, மச்சாள்? அவர் போன பிறகு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

நீர் என் மாமன் மகள், என்னைவிட மூன்று மாதம் மூத்தவர், முப்பது வருடம் காணிக் கந்தோரில் எல்லை பார்த்து ஓய்வு பெற்றவர். நயினாதீவில் தனியாக இருந்த உமக்குப் பொழுதுபோகட்டும் என்று, ரொறன்ரோவிலிருந்து வந்த உம்முடைய மகன், ரிவியில் பூட்டி விளையாடுகிற தன் பழைய விளையாட்டுப் பெட்டியை விட்டுப் போனான். சனிக்கிழமைகளில் நான் வேலணையில் பஸ் ஏறி, குறிகட்டுவானில் வள்ளம் மாறி, அம்மாள் கோயிலுக்குப் போகிற சனத்தோடு சனமாக வந்து இறங்குவேன். நான் நல்ல பக்திக்காரியாகிவிட்டேன் என்று ஊரில் கதை. ஐம்பத்தெட்டு வயதில் இரண்டு பேர் சாப்பிட்ட கையோடு சொம்பி சுடப் போகிறோம் என்று யாரிடம் சொல்ல முடியும்?

அந்த விளையாட்டில் ஊர் முழுவதையும் கூரை கழற்றியது போல மேலேயிருந்து பார்க்கலாம். படம் திரும்பாது, ஆள்தான் அங்கும் இங்கும் ஓடும். அந்த ஊரை விட்டு ஓடிய சனம் கதவைப் பூட்டி ஒளித்துவிட்டுப் போன வீட்டுத் திறப்புகள் எல்லாவற்றையும் தேடி எடுத்தால்தான் நூறு வீதம் முடியும். நாங்களும் ஒருகாலம் திறப்பை ஒளித்து வைத்துவிட்டு வெளிக்கிட்ட ஆட்கள்தான். அதைப் பற்றி நீரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. பூச்சாடிக்குக் கீழே முதல் திறப்பு அகப்பட்டபோது மட்டும், "எல்லா ஊர்ச் சனத்துக்கும் ஒரே மூளைதான்" என்றீர்.

எல்லா இடத்துக்கும் வரைபடம் வலையில் இருப்பதாக மகன் தொலைபேசியில் சொன்னான். உமக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆரோ அளந்த காணியை நான் ஏன் நம்புவான்? நாங்களே அளப்பம்."

அளந்தோம். நான் சுடுவேன், நீர் மடியில் தாளை வைத்து வரைவீர். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் நான்கு எல்லை. மருந்துக்கடைக்கு நீர் எழுதியது எனக்கு மனப்பாடம்: "வடக்கு, எரிந்த லொறி. கிழக்கு, ஒழுங்கை. தெற்கு, பெயர் அறியாதார் வளவு. மேற்கு, சேமக்காலை. கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் உண்டு. தற்போது மூன்று சொம்பிகளின் ஆட்சியில்." நான் சிரித்துச் சிரித்துச் செத்துப் போனேன், விளையாட்டிலும்தான். நீர் சிரிக்காமல் அடுத்த தாளை எடுத்தீர். "கிழக்காலை அதுகள் வருகுதுகள், நீர் வடக்காலை ஓடும்" என்று ஆறுதலாகச் சொல்வீர். எங்களுக்கு இடது, வலது வாயில் வராது. பந்தியில் ஆளை நகர்த்துவதற்கும் "கொஞ்சம் தெற்காலை தள்ளி இரும்" என்றுதானே சொல்கிறோம். நீர் வடக்கு என்றால் என் கை தானாகப் போகும். ஒருநாளும் பிழைத்ததில்லை.

தொண்ணூற்றொன்பது வீதம் முடிந்து ஒரே ஒரு திறப்பு மிஞ்சியிருந்தபோது, உமக்குக் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பு போக வேண்டி வந்தது. அது எங்கே இருக்கிறதென்று தனியாக இருந்து கண்டுபிடித்து, தாளும் வரைந்து வைத்திருந்தீர். ஆனால் எடுக்கவில்லை. சுடுவது என் வேலை என்பதில் நீர் அவ்வளவு நேர்மை. பெட்டியையும் தாளையும் என் கையில் தந்து, "ஒரு மாதத்துக்கு ரிவி பாக்க ஏலாதாம். நீர் முடிச்சுப்போட்டுச் சொல்லும்" என்றீர்.

தாளில் ஒரு சதுர வளவு, நான்கு பக்கமும் படலை, நட்டநடுவில் கிணறு. "கிணற்றுக்கு வடக்கே, மதிலோடு." அதன் வடக்கை என் வீட்டு வடக்கோடு பொருத்தி வைத்துக்கொண்டு ஆளை ஓட்டினேன். மதில் இருந்தது, சொம்பிகள் இருந்தன, திறப்பு இல்லை. நாலாம் தரமும் செத்த ஆத்திரத்தில் உமக்கு அழைப்பு எடுத்தேன்.

"மச்சாள், வடக்கிலை ஒண்டுமில்லை. உம்மடை படம் பிழை."

"என்ரை படத்திலை பிழை வராது. வடிவாப் பாரும்."

"நாலு தரம் பாத்திட்டன்."

"அப்ப நீர் பிழையாப் பாக்கிறீர்."

அதற்கு நான் கேட்டேன்: "கந்தோரிலையும் இப்பிடித்தானோ எல்லை போட்டனீர்?"

 "சரி, வைக்கிறன்" என்றீர்.

ஒரு எல்லைத் தகராறில் நீர் பிழையாகக் காட்டினீர் என்று சிலர் சொல்லித் திரிந்தது எனக்குத் தெரியும். திரும்ப அளந்தபோது நீர் சொன்னதே சரியென்று வந்ததும் தெரியும். அதுவரைக்கும் இருந்த மாதங்களில் என் குசினியில் வந்திருந்து நீர் அழுதது வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். நோகட்டும் என்றுதான் கேட்டேன்.

நீர் எடுப்பீர் என்று எட்டு நாள் இருந்தேன். அழைப்பு எடுத்தால் நான் தோற்றதாகிவிடும் என்று ஒரு வீம்பு. ஒன்பதாம் நாள் விடிய கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. நெஞ்சு நோகுதென்று சொன்னீராம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் பெட்டியை நயினாதீவுக்குக் கொண்டுபோய், செத்தவீட்டுக்கு வந்து நின்ற மகனிடம் கொடுத்தேன். அவன் அதை உம்முடைய ரிவியிலேயே பூட்டிப் பார்த்தான். "ஒண்டு மட்டும் மிச்சம் கிடக்கு மாமி. எங்கையெண்டு தெரியுமோ?" நான் வழமையாக இருக்கிற கதிரையில்தான் இருந்தேன். தாளைப் பார்க்கவில்லை. "கிணத்துக்கு வடக்காலை" என்று சொல்லிக் கையைக் காட்டினேன்.

கை வலப்பக்கம் நீண்டிருந்தது. என் வீட்டில் இதே வடக்கு இடப்பக்கம்.

உம்முடைய வீட்டில் ரிவி மேற்குச் சுவரோடு, எனக்குக் கிழக்குச் சுவரோடு. அந்த ஊருக்கென்று ஒரு வடக்கு இல்லை, மச்சாள். உம்முடைய வீட்டின் வடக்கைத்தான் அவ்வளவு நாளும் அதற்குக் கொடுத்து வைத்திருந்தோம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டினேன், வடக்கு நயினாதீவிலேயே நின்றுவிட்டது. முப்பது வருடம் எல்லை பார்த்த உமக்கும் அது தோன்றவில்லை. நம்முடைய ஆட்கள் யாருக்குத்தான் தோன்றும்?

மகன் ஆளை வலப்பக்கம் ஓட்டினான். மதிலோடு திறப்பு இருந்தது. "நூறு வீதம் மாமி" என்று திரும்பியவன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான். "முடிச்சிட்டம்தானே, ஏன் அழுறியள்?"

யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். நான் கேட்ட கேள்வியை அப்படியே, ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அவன் ரிவியை நிற்பாட்டினான்.

"கொழும்பிலை இருந்து ஒவ்வொரு நாளும் அம்மா என்னோடை கதைச்சவ. இதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. மச்சாள் கெதியா எடுத்திடுவா எண்டுதான் சொன்னவ."

அதைத்தான் இன்னும் சுமக்கிறேன். நான் கேட்டதைக் கூட அல்ல, அதை நீர் உம்முடைய பிள்ளைக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை. உம்முடைய எல்லை பிழையில்லை, மச்சாள். ஒருநாளும் பிழையாக இருந்ததில்லை. அந்த எட்டு நாளில் ஏதாவது ஒரு நாள் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.